ஊறுகாய் ஜாடியில் கள்ள ஓட்டு

அத்தியாயம் 11

ஜாடி என் கையிலிருந்துதான் விழுந்தது. தரை வழுக்கியது, யாரோ இடித்துவிட்டார்கள், பூனை குறுக்கே வந்தது என்று பிற்பாடு நான் சொன்ன எதையும் நம்பாதீர்கள். இருபத்திரண்டு வருடமாகச் சூளையிலிருந்து லட்சக்கணக்கில் பீங்கான் இறக்கிய கோதண்டபாணி ஆகிய நான், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நூலகத்தில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரே ஓர் ஊறுகாய் ஜாடியை அலமாரியிலிருந்து மேசைக்குக் கொண்டுபோகத் தெரியாமல் கீழே போட்டேன்.

ஜாடி மூன்றாக உடைந்தது. உள்ளே இருந்த பீங்கான் மணிகள் சிமெண்டுத் தரையில் தெறித்து, நாளிதழ் படிக்கிறவர்களின் கால்களுக்கிடையே ஓடி, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

எந்த ஜாடி என்று கேட்கிறீர்களா? மொத்தம் இருபது ஜாடி இருந்தது. பத்தொன்பதை விட்டுவிட்டு, என் மனைவி கனகாவின் நாவலுக்கு உரிய ஜாடியைத்தான் போட்டேன். கைராசி அப்படி.

இந்த வாரம்தான் நம் வீட்டுக் கதைக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். மற்றவர்கள் அதற்குள் அடுப்பில் பால் வைத்திருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் விருத்தாசலம் நூலக வாசகர் வட்டத்துக்கு இது இருபத்தைந்தாவது வருடம். இந்த இருபத்தைந்து வருடத்தில் வந்த சிறந்த பத்து நாவல்கள் எவை என்று இரண்டு பட்டியல் போடுவதாக முடிவாயிற்று. ஒன்று நடுவர் பட்டியல். ஐந்து பேர் குழு. தலைவர் என் மச்சான் பாலகிருஷ்ணன், அதாவது கனகாவின் அண்ணன், கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர், சிறுபத்திரிகை விமர்சகர். அவர்களுடைய பட்டியல் போன ஞாயிறே அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. பத்தில் மூன்று புத்தகம் நூலகத்திலேயே கிடையாது. நான்காவது இருக்கிறது. இதுவரை இரண்டு தடவை வெளியே போயிருக்கிறது. இரண்டு தடவையும் எடுத்துப் போனவர் மச்சான்.

இன்னொன்று வாசகர் பட்டியல். சீட்டில் எழுதிப் போடச் சொன்னால் ஒரே ஆள் இருபது சீட்டு போடுவான் என்று நூலகர் திருமாலுக்குப் பயம். சட்டமன்றத் தேர்தல் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது, தேர்தல் வேலைக்குப் போய்வந்த சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே புது ஏற்பாடு. உறுப்பினர் அட்டையைக் காட்டினால் ஒரு பீங்கான் மணி தருவார். ஹீட்டர் கம்பியில் கோப்பார்களே, சுண்டைக்காயில் பாதி அளவு, அந்த மணி. பிடித்த நாவலின் பெயர் ஒட்டிய ஜாடியில் அதைப் போட வேண்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாமலிருக்க ஊறுகாய் ஜாடி. எண்ணுவது இந்த ஞாயிறு. மணி உபயம் எங்கள் பீங்கான் யூனிட். அதாவது நான்.

அந்த உபயத்தில்தான் வினை. வியாழக்கிழமை நூலகம் பூட்டும் நேரத்தில் கனகாவின் ஜாடியைச் சும்மா தூக்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. மனசு கேட்கவில்லை. சட்டைப்பையில், அன்று வேலை முடிந்து வரும்போது கொண்டுவந்திருந்த மணிகள் இருந்தன. ஒரு கை அள்ளி உள்ளே போட்டேன்.

இதைப் போன வாரமே உங்களிடம் ஒப்புக்கொண்டேன். ஊரில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஜாடிதான் சொல்லிவிட்டது.

தரையில் முதலில் குந்தியவர் கொளஞ்சியம்மாள். எங்கள் யூனிட்டில் தரம் பிரிக்கும் மேசையில் பதினெட்டு வருடமாக உட்காருகிறவர். வாரம் இரண்டு நாவல் படிப்பார். ஒன்று படிக்க, ஒன்று திரும்பப் படிக்க. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

பொறுக்கியதை ஒரே குவியலாகப் போட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. அவர் கை தன்பாட்டுக்கு இரண்டு குவியல் போட்டது. யாரும் சொல்லவில்லை. பழக்கம்.

"மேஸ்திரி, இதுல ரெண்டு லாட்டு கலந்து கெடக்குது" என்றார் தலை நிமிராமல்.

"ஒரே லாட்டுதான்க்கா. டியூப் லைட்டு வெளிச்சத்துல அப்படித் தெரியும்."

"டியூப் லைட்டுக்கும் எனக்கும் இன்னிக்கு நேத்தா பழக்கம்? இது போன மாசம் எறக்குனது, பால் மாதிரி இருக்குது. இது இந்தப் புதன்கெழம சூளை. மேல் தட்டுல சூடு ஏறிப் போயி மஞ்ச பூத்துடிச்சின்னு நீங்களே தலையில அடிச்சிக்கிட்டு நின்னீங்களே, அந்த லாட்டு."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயில் கையை வைத்துக்கொண்டார்.

புதன்கிழமைச் சரக்கு இன்னும் யூனிட்டைவிட்டு வெளியே போகவில்லை. அங்கே நின்ற நாற்பது பேரில் பாதிப் பேர் சூளையிலோ மண் அரவையிலோ வேலை செய்கிறவர்கள். விளக்கிச் சொல்ல அவசியமே இல்லாமல் எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. கள்ள ஓட்டுப் போடுகிறவன் குறைந்தபட்சம் நிறம் பார்த்துப் போட மாட்டானா? நிறம் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம்.

திருமால் மற்ற பத்தொன்பது ஜாடிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டில் சரித்துப் பார்த்தார். "எல்லாம் சுத்த வெள்ள சார். இது ஒண்ணுலதான் இருக்குது."

மூலையில் உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்து வந்தார். "மாப்ளே, எத்தன?"

"எது மச்சான்?"

"போட்டது."

"எண்ணலைங்க. ஒரு கை." எல்லாரும் என் கைகளையே பார்த்ததால், "வலது கை" என்று சேர்த்துக்கொண்டேன்.

வழக்கமாகச் சிரிக்கும் கூட்டம். அன்று சிரிக்கவில்லை.

"விதி நாலப் பாருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சுவரில் திருமால் எழுதி ஒட்டியிருந்தது. முறைகேடு கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஜாடி போட்டியிலிருந்து நீக்கப்படும். "ஜாடிய நீக்கிட்டு மேக்கொண்டு ஆவறத பாருங்க."

"அந்தம்மா சொல்லாமலா இவரு போட்டுருப்பாரு?" என்றது இன்னொரு குரல்.

அதுதான் சுருக்கென்றது. ஜாடி போனால் பட்டியலில் ஒரு வரி போகும். பேர் போனால்? எங்கள் ஊரில் சாயங்காலத்துக்குள் ஆலடி ரோட்டிலிருந்து ஜங்ஷன்வரை பேசி முடித்துவிடுவார்கள். "சத்தியமா அவளுக்குத் தெரியாது. பழமலைநாதர் மேல ஆணையா!" என்றேன். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை வருடம் ஊரைச் சிரிக்கவைத்ததற்குக் கிடைத்த கூலி. நான் அழுதாலும் அது அடுத்த துணுக்குக்கு முன்னுரை என்றே நினைக்கிறார்கள்.

"நாலு மணிக்கு முடிவு பண்ணலாம்" என்றார் மச்சான். "கனகா வரட்டும். அவ இல்லாம அவ ஜாடிய பத்திப் பேசக் கூடாது. மாப்ளே, போயி அழச்சிக்கிட்டு வாங்க."

வாசல்வரை அவர் பின்னாலேயே போனேன். "நீங்க என்னா நெனக்கிறீங்க மச்சான்? நீக்கிடுவீங்களா?"

"நாலு மணிக்கு."

"சரி, அந்த நாவல் நல்லாருக்குதா, இல்லியா? அதையாச்சும் சொல்லுங்க. பன்னெண்டு வருஷமாக் கேக்கறேன். அதுக்குள்ள ஒரு மகாமகமே வந்து போயிடிச்சி."

"அளவுகோலப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

நாவலின் பெயர் 'சாயங்கால பாசஞ்சர்'. கல்யாணமான மறுவருடம், தொண்ணூற்று நாலில், கனகா எழுதியது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு புத்தகமானது. புத்தகம் வந்த மூன்றாம் மாதம் மச்சான் தன் சிறுபத்திரிகையில் ஒரு பக்கம் எழுதினார். அதில் ஒரு வரி ஊரெல்லாம் மனப்பாடம்: 'ரயில்வே கால அட்டவணையில்கூட இதைவிட அதிகத் திருப்பங்கள் உண்டு.' எழுதியவர் தங்கை என்று பார்க்கவில்லை. நேர்மையாம்.

அதற்குப் பிறகு மளிகைச் சாமான் பட்டியலைத் தவிர கனகா வேறு எதுவும் எழுதி யாரும் பார்க்கவில்லை. காரணம் அந்த வரிதான் என்று ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவளிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. அண்ணன் வந்தால் காப்பி கொடுப்பாள். டம்ளர் காலியாகும்வரை சமையலறையில் நிற்பாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்றிலும் நான் நல்லவனாக இருந்தேன்.

எங்கள் மகள் வெண்பா வேப்பூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. கனகா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"செருப்ப வெளியவே ஒதறிட்டு வாங்க. மணி கிணி ஒட்டிக்கிட்டு இருக்கப் போவுது."

என் மூன்று விதமும் போயிற்று. "யாரு சொன்னா?"

"கொளஞ்சியக்கா போன் பண்ணுச்சி. அழுவுது. தெரியாம வாய வுட்டுட்டேன் கனகா, மேஸ்திரிய மாட்டிவுட்டுட்டேன்னு." ஒரு காயின் நுனியைக் கிள்ளி எறிந்தாள். "நான் சொல்லித்தான் நீங்க போட்டீங்கன்னு பேசறாங்களாமே?"

"யாரு பேசறா? பேரச் சொல்லு, இப்பவே போறேன்."

"போயி?"

"போயி..."

"ஜோக் சொல்லுவீங்க."

அது உண்மை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கோவமா?"

"எத்தன போட்டீங்க?"

"ஒரு கை. கோவமான்னு கேட்டேன்."

"எதுக்குப் போட்டீங்க?"

"நல்ல நாவல். ஜாடி லேசா இருந்துது. மனசு கேக்கல."

கத்தி நின்றது. "அதுல எந்த எடம் உங்களுக்குப் புடிச்சிது?"

இந்த இடத்தில், பத்து வாரமாக உங்களிடமும் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட இருந்தே இத்தனை வாரம் வந்துவிட்டீர்கள், எழுந்து போய்விட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் அந்த நாவலைப் படித்ததில்லை.

புத்தகம் வந்த அன்று ஆசையாகத்தான் சூளைக்கு எடுத்துப் போனேன். நெருப்பைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் வேலை, படிக்க வசதி. முதல் அத்தியாயத்திலேயே தூங்கிவிட்டேன். அது நாவலின் குற்றமில்லை, நான் பஞ்சாங்கத்திலேயே தூங்குகிறவன். மறுநாள் கனகா வாசலில் நின்று, "படிச்சீங்களா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? "பிரமாதம்" என்றேன். சொன்ன பிறகு எடுத்துப் படித்தால் மாட்டிக்கொள்வேன். சும்மாவும் இருக்க முடியவில்லை. ஆகவே புகழ்ந்தேன். மாமனாரிடம் புகழ்ந்தேன், மங்கலம்பேட்டையில் துணி எடுக்கப் போன கடையில் புகழ்ந்தேன், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் புகழ்ந்தேன். பன்னிரண்டு வருடப் புகழ்ச்சிக்கு அடியில் ஒரு பக்கம்கூடக் கிடையாது.

"கடைசி எடம்" என்றேன். எந்த நாவலுக்கும் கடைசி என்று ஒன்று இருந்துதானே ஆக வேண்டும்.

"கடைசியில என்னா?"

"அதான்... ரயிலு போவுதே."

ஒரு கொத்தவரங்காய் நறுக்கும் நேரம் என்னையே பார்த்தாள். "கொழம்புல உப்பு சரியா இருக்குதான்னு பாருங்க. சாப்புட்டுட்டுக் கெளம்பலாம்."

"கோவமில்லியே?"

"உப்பு."

உப்பு சரியாக இருந்தது. மற்றது தெரியவில்லை.

நாலு மணிக்கு நூலகத்தில் காலையைப்போல இரண்டு மடங்கு கூட்டம். சில பேர் பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தார்கள். கனகா பச்சை வாயில் புடவையில், என்னைவிட இரண்டடி முன்னால் நடந்து, நேராக மச்சானின் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, என் ஜாடிய எடுத்துடுங்க."

கூட்டம் சலசலத்தது. மச்சான் நிமிர்ந்தார். "எதுக்கு?"

"கள்ள ஓட்டு வுழுந்துருக்குது. விதி இருக்குது. எனக்குத் தெரிஞ்சி நடக்கல, ஆனா என் வூட்ல இருந்துதான் வந்துருக்குது."

"கள்ள ஓட்டு போட்டது உன் வூட்டுக்காரரு. நல்ல ஓட்டு போட்டவங்க என்னா தப்பு பண்ணாங்க? வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கிட்டு வந்து, அட்டையக் காட்டி, ஒரு மணிய வாங்கி, உன் பேரத் தேடிப் போட்டுருக்காங்க. அவங்களையும் சேத்து வெளிய தூக்கிப் போடவா?" மச்சான் கூட்டத்தைப் பார்த்தார். "அந்த நாவலுக்கு வக்காலத்து வாங்க நான் வரல. என் கருத்து ஊருக்கே தெரியும். ஓட்டுக்குத்தான் பேசறேன். கொளஞ்சியம்மா, ரெண்டையும் பிரிக்க முடியுமா?"

"காலையிலயே பிரிச்சிட்டேனே சார்."

"அவங்க அவருக்குக் கீழ வேல செய்யறவங்க. அப்படித்தான் பிரிப்பாங்க" என்றது காலையில் கனகாவை இழுத்த அதே குரல்.

கொளஞ்சியம்மாள் விடுவிடுவென்று மேசைக்கு வந்தார். இரண்டு குவியலையும் எண்ணச் சொன்னார். திருமால் எண்ணினார். மஞ்சள் ஐம்பத்தேழு, வெள்ளை நாற்பத்தொன்று. தாளில் எழுதிக்கொண்டார்.

"ஐம்பத்தேழா!" என்றேன்.

"உங்க கை பெரிய கை மேஸ்திரி" என்றவர், இரண்டு குவியலையும் சேர்த்துத் தட்டில் கொட்டி, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பார்த்து, "வாய்யா, நீயே கலக்கு" என்றார். அவர் வந்து, களிமண் பிசைகிறமாதிரி கலக்கிவிட்டுப் போனார்.

கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தார். எழுபது எண்பது பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அந்த விரல்களைப் பார்க்கத் தைரியமில்லை. ஒரு மணி எண்ணிக்கை மாறினாலும் கனகாவின் பேர் போயிற்று. கனகா கைகட்டி நின்றாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நானும் இந்த ஜாடியிலதான் போட்டேன். அதுல ஒளிக்க என்னா இருக்குது?" கொளஞ்சியம்மாள் பிரித்துக்கொண்டே பேசினார். பேசாமல் அவருக்கு வேலை ஓடாது. "அந்தப் பொண்ணு தெனம் புருஷனுக்குச் சோத்துத் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு ரயிலு ஏறுமா? ஒரு நாளு வேற ஸ்டேஷன்ல எறங்கிடும். தெரியாம எறங்குச்சா, தெரிஞ்சேதான் எறங்குச்சான்னு கனகா எழுதல. எறங்கிடிச்சி, அவ்ளோதான். ரயிலு போயிடும். பெஞ்சுல ஒக்காந்து, புருஷனுக்குக் கட்டுன சோத்த அதுவே தொறந்து, பொறுமையா, ஊறுகாய தொட்டுக்கிட்டு, கடசி பருக்க வரைக்கும் தின்னும் பாருங்க. தின்னுட்டு கொழாயில தூக்கக் கழுவும். நான் அந்தப் பக்கத்த நாலு தடவ படிச்சேன். எம் பொறப்புல எனக்குன்னு நான் சோறு கட்டுனதே இல்லன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

 எனக்கு அந்த இடம் அப்போதுதான் தெரிந்தது. "ஆமாமா, அந்த எடம்!" என்று பலமாகத் தலையாட்டினேன். கனகா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"ஆச்சு" என்றார் கொளஞ்சியம்மாள்.

திருமால் எண்ணினார். மஞ்சள் ஐம்பத்தேழு. வெள்ளை நாற்பத்தொன்று.

கலக்கியவரே முதலில் கைதட்டினார். மனுஷன் நல்லவர், சந்தேகம்தான் அதிகம்.

நாற்பத்தொன்றுக்கு ஒன்பதாம் இடம். மச்சானே சாக்பீஸ் எடுத்துப் பலகையில் எழுதினார். கையெழுத்து அழகு, அதில் குறை சொல்ல முடியாது. பலகையில் இப்போது இரண்டு பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை. ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில், ஒரே பீரோவிலிருந்து எடுத்துப் படித்தவர்கள் போட்டது என்று சொன்னால் நம்ப முடியாது.

கனகா பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, சமையலறைக்குள் போகாமல் அண்ணனிடம் கேட்டாள்.

"உங்க பட்டியல்ல ஏன் இல்லண்ணே?"

மச்சான் சாக்பீஸை வைத்தார். "பத்துல வராது. இருவது போட்டாலும் வராது. முப்பது போட்டா யோசிப்பேன்."

 கனகா சிரித்தாள். "முப்பதா?"

"முப்பது. நடுவுல ஆறு அத்தியாயம் தொங்கிப் போவுது. பத்திரிக்கக்காரன் இழுக்கச் சொன்னான், நீ இழுத்த."

"இழுத்தேன்தான். ரயில்வே கால அட்டவண?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். "அது தப்பு. தொங்கற எடம் எதுன்னு காட்டிருக்கணும். நாலு பேரு படிச்சிட்டுச் சிரிக்கணும்னு எழுதுனேன். முப்பது வயசுத் திமிரு. அந்தப் பெஞ்சுல ஒக்காந்து சாப்புடற எடம் இருக்குது பாரு, அதப் பத்தி ஒரு வரி எழுதிருக்கணும். எழுதல."

"ம்" என்றாள் கனகா. அவ்வளவுதான். ஆனால் அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன், எதையோ இறக்கிவைத்த மாதிரி.

எனக்குப் பொறாமையாக இருந்தது. "மச்சான், இதத்தான் நான் பன்னெண்டு வருஷமாக் கேட்டேன். எனக்கு அளவுகோலுன்னீங்க. தங்கச்சி ஒரு தடவ கேட்டா மளமளன்னு வருது?"

"நீங்க எங்க மாப்ளே கேட்டீங்க? ஜோக்குல்ல அடிச்சீங்க."

கூட்டம் அப்போதுதான் சிரித்தது. காலையிலிருந்து சேர்த்துவைத்த சிரிப்பு.

திருமால் விடுவதாக இல்லை. தண்டனை என்று ஒன்று வேண்டுமாம். என் உறுப்பினர் அட்டையைக் கேட்டு வாங்கினார். "ஆறு மாசத்துக்குப் புஸ்தகம் கெடையாது சார்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் பார்த்தார். "சார், ஏழு வருஷத்துல நீங்க ஒரு புஸ்தகம்கூட எடுக்கல."

"நூலகம்னா எனக்கு மரியாதை. எதையும் தொடுறதில்ல" என்றேன்.

கனகா கதவுப் பக்கம் பார்த்தாள்.

கிளம்பும்போது திருமால் அவளிடம் வந்தார். அடுத்த ஞாயிறு விழாவில் நடுவர் பட்டியலுக்காக மச்சான் பேசுகிறார், வாசகர் பட்டியலுக்காக அவள் பத்து நிமிஷம் பேச வேண்டும். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே மேடையில! ஜனம் அள்ளும் மேடம்."

"பாக்கலாம் சார்" என்றாள்.  மச்சான் போகாமல் நின்றார், பதிலுக்காக.

பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் கூப்பிட்டும் கனகா ஏறவில்லை. நடக்கலாம் என்றாள். வெயில் தாழ்ந்து, கோயில் கோபுரத்தின்மேல் புறாக்கள் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டிக்காரரிடம் வறுத்த கடலை வாங்கினாள். பொட்டலத்தை என் பக்கமும் நீட்டினாள். அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

"நாப்பத்தோரு பேருங்க" என்றாள் திடீரென்று. "நம்ம பாசஞ்சர் ரயிலுல ஒரு பொட்டியில பாதிப் பேரு. யாரு யாருன்னே தெரியாது. நான் வந்து ஒக்காந்தா, எல்லாரும் அந்தப் பொண்ணத் தெரிஞ்சவங்க."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. முகம் மலர்ந்திருந்தது. அந்த ஐம்பத்தேழு இல்லாமலே ஒன்பதாம் இடம் என்பதில் எனக்கே பெருமையாக இருந்தது. நான் கையை வைக்காமல் இருந்திருந்தால் காலையிலேயே இது நடந்திருக்கும், ஒரு ஜாடியும் மிஞ்சியிருக்கும்.

"அப்பறம் என்ன, உங்கண்ணனும் மன்னிப்புக் கேட்டாச்சு" என்றேன். "இனிமே மேடம் எழுதுவீங்களா, இல்ல மளிகப் பட்டியலோட நிறுத்திக்குவீங்களா? போன மாசம் எழுதுனதுல தொவரம் பருப்பு பாத்திரம் ரொம்ப அழுத்தமா வந்துருந்துது."

கடலையை நசுக்கி, தோலை ஊதினாள்.

"அவரு அந்த ஒரு வரி எழுதாம இருந்திருந்தா இன்னேரம் நீ முப்பது நாவல் எழுதிருப்ப. நான் ஒனக்குப் பேன மூடியக் கழட்டிக் குடுக்கற வேலையில சேந்துருப்பேன்."

அடுத்த கடலையை நசுக்கினாள். பாலத்தில் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடியது, ஆனால் ஓடியது. 'ஜோக்குல்ல அடிச்சீங்க' என்று மச்சான் சொன்னது காதிலேயே இருந்தது. அடுத்து ஒரு துணுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நல்ல துணுக்குதான். விழுங்கினேன். 

"கனகா, நீ ஏன் எழுதறத நிறுத்துன?"

அவள் நின்றாள். "நெசமாக் கேக்கறீங்களா?"

"நெசமாத்தான்."

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பொட்டலத்தை வைத்தாள். குரலில் கோபம் இல்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

"எங்கண்ணன் எழுதுனதுக்கு ஒரு வாரம் அழுதேன். அப்பறம், இருக்கட்டும் பாக்கறேன்னு அடுத்தத ஆரம்பிச்சி ஏழு அத்தியாயம் எழுதிட்டேன். அத உங்கக்கிட்ட குடுக்கலாம்னு வந்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி, மொத நாவல்ல வர்ற பொண்ணு பேரு என்னான்னு சும்மாக் கேட்டேன். 'கனகா'ன்னீங்க. அந்தப் பேருல அதுல ஆளே கெடையாது. எங்கண்ணன் படிச்சிட்டுத் திட்டுனாரு. நீங்க படிக்காமலே பாராட்டுனீங்க. அதனாலதான் நிறுத்துனேன்."